எதிரே உட்கார்ந்திருப்பவர் நம்மைவிட 600 புள்ளி மேலே: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செஸ் போட்டி நாள் காலையில், யார் யாரோடு ஆட வேண்டும் என்று காட்டும் பேரிங் பட்டியலை ஒட்டியதும் கூட்டம் மொய்க்கும். தன் பெயரைக் கண்டுபிடித்து, எதிராளியின் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் ரேட்டிங்கை, அதாவது ஆடும் பலத்தைக் காட்டும் எண்ணைப் பார்த்தவுடன் சிலருக்கு முகம் வாடிவிடும். தனக்கு 1550, எதிராளிக்கு 2150. ஒரு சிப்பாய்கூட நகரவில்லை, அதற்குள் மனதில் தோற்றாகிவிட்டது.

இப்படிப்பட்ட ஆட்டங்களை இரண்டு பக்கமும் உட்கார்ந்து ஆடியிருக்கிறேன். இப்போது மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். அவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

முதல் ரவுண்டிலேயே இவ்வளவு பெரிய ஆளோடு ஏன் மோத விடுகிறார்கள்?

யாரும் உங்களைக் குறிவைத்துச் செய்வதில்லை. பெரும்பாலான ஓப்பன் போட்டிகள் சுவிஸ் முறையில் நடக்கின்றன. 1895இல் சூரிச்சில் நடந்த போட்டியில் முதலில் பயன்பட்டதால் அந்தப் பெயர். நூறு பேரை நாக்-அவுட்டில் ஆடவிட்டால் முதல் நாளே ஐம்பது பேர் பெட்டியைக் கட்ட வேண்டும். சுவிஸ் முறையில் யாரும் வெளியேறுவதில்லை. ஒவ்வொரு ரவுண்டிலும், அதுவரை அந்தப் போட்டியில் ஒரே புள்ளி எடுத்திருப்பவர்களைத்தான் மோத விடுவார்கள்.

முதல் ரவுண்டில் எல்லோருக்கும் பூஜ்யம். அதனால் ரேட்டிங் வரிசைப்படி பட்டியல் போட்டு, நடுவில் இரண்டாகப் பிரிப்பார்கள். நூறு பேர் என்றால் 1ஆம் ஆள் 51ஆம் ஆளோடு, 2ஆம் ஆள் 52ஆம் ஆளோடு, கடைசியில் 50ஆம் ஆள் 100ஆம் ஆளோடு. கீழ்ப்பாதியில் இருக்கும் ஐம்பது பேருக்கும் அன்று காலை உங்கள் நிலைமைதான்.

அப்புறம் என்ன ஆகும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். தோற்றால் இரண்டாவது ரவுண்டில் எளிதான எதிராளி வருவார். அவரை ஜெயித்தால் மூன்றாவதில் மறுபடி பலமானவர். பட்டியலின் நடுவில் இருப்பவர்கள் இப்படி ஏறி இறங்கிக்கொண்டே இருப்பார்கள். இந்த ஏற்ற இறக்கத்தைக் குறைக்கச் சில பெரிய போட்டிகளில் முதல் இரண்டு ரவுண்டுகளுக்கு மட்டும் மேல்பாதிக்குக் கற்பனைப் புள்ளி கொடுத்துப் பேரிங் போடுவதும் உண்டு.

600 புள்ளி வித்தியாசம் என்றால் என்ன அர்த்தம்?

அமெரிக்காவில் இயற்பியல் பேராசிரியராக இருந்த அர்பாத் எலோ உருவாக்கிய கணக்கு இது. உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடே 1970இல் ஏற்றுக்கொண்டது. எண்களுக்கு இடையிலான வித்தியாசத்தை வைத்து, இருவரும் பல ஆட்டங்கள் ஆடினால் யாருக்கு எவ்வளவு புள்ளி சேரும் என்று அது மதிப்பிடுகிறது. ஃபிடே அட்டவணைப்படி 100 புள்ளி கூடுதலாக இருப்பவருக்கு நூறு ஆட்டத்தில் 64 புள்ளி, 200 என்றால் 76, 300 என்றால் 85, 400 என்றால் 92.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். 76 புள்ளி என்பது 76 வெற்றி இல்லை. டிராக்களும் அதில் அரை அரைப் புள்ளியாகச் சேர்ந்திருக்கின்றன. 92 என்றாலும் அப்படியே. 400 புள்ளி குறைவாக இருப்பவருக்கும் நூறில் 8 புள்ளி இருக்கிறது. பதினாறு டிராவாக வரலாம், நாலு வெற்றியும் எட்டு டிராவுமாகவும் வரலாம். அந்த எட்டுக்குள் இன்றைய ஆட்டம் இருக்கிறதா இல்லையா என்பது காலையில் யாருக்கும் தெரியாது. எதிராளிக்கும் தெரியாது.

தோற்றால் ரேட்டிங் எவ்வளவு போகும்?

மிகக் கொஞ்சம். ரேட்டிங் கணக்கில் 400க்கு மேல் எவ்வளவு வித்தியாசம் இருந்தாலும் 400 என்றே எடுத்துக்கொள்வார்கள் (2650ஐத் தொட்ட மேல்மட்டத்துக்கு மட்டும் இப்போது விதி வேறு). கணக்கில் கே என்று ஒரு பெருக்கு எண் உண்டு. புதிதாக வந்தவர்களுக்கு முதல் 30 ஆட்டம் வரையும், 2300க்குக் கீழே இருக்கும் 18 வயது வரையிலான பிள்ளைகளுக்கும் அது 40. மற்றவர்களுக்கு 20. ஒருமுறை 2400ஐத் தொட்டுவிட்டால் 10.

உங்களுக்குக் கே 20 என்று வைத்துக்கொள்வோம். தோற்றால் 1.6 புள்ளி போகும். டிரா செய்தால் 8.4 வரும். ஜெயித்தால் 18.4. பிள்ளைகளுக்கு இதெல்லாம் இரட்டிப்பு: தோல்விக்கு 3.2 போகும், வெற்றிக்கு 36.8 வரும். இந்தக் கணக்கை ஆட்டத்துக்கு முன்பு ஒரு தாளில் எழுதிக் காட்டினால், பயந்துபோயிருக்கும் பிள்ளையின் தோள் கொஞ்சம் தளர்வதை நானே பார்த்திருக்கிறேன். பயப்பட வேண்டியவர் எதிரே இருப்பவர்தான். அவர் நிலைமையைக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

நிஜமாகவே யாராவது ஜெயித்திருக்கிறார்களா?

நிறைய. 2023 அக்டோபரில் கத்தாரில் நடந்த ஓப்பன் போட்டியின் இரண்டாவது ரவுண்டில், 2839 ரேட்டிங் இருந்த முன்னாள் உலக சாம்பியன் மாக்னஸ் கார்ல்சனைக் கஜகஸ்தானின் அலிஷேர் சுலைமெனோவ் தோற்கடித்தார். அவருடைய ரேட்டிங் 2512. வித்தியாசம் 327. அட்டவணைப்படி அவருக்கு நூறில் சுமார் 13 புள்ளிதான். பாதுகாப்பாக ஒதுங்கி ஆடி வந்த வெற்றி இல்லை அது. ராஜாவை நேராகத் தாக்கி ஜெயித்தார்.

கார்ல்சனே ஒரு காலத்தில் மறுபக்கம் உட்கார்ந்தவர். 2004இல் ரெய்க்யாவிக்கில் நடந்த ரேபிட் (குறைந்த நேர ஆட்டம்) போட்டியில், 13 வயதில், அப்போது உலகின் முதலிடத்தில் இருந்த காஸ்பரோவோடு முதல் ஆட்டத்தை டிரா செய்தார். இரண்டாவது ஆட்டத்தில் தோற்றார். இன்று எல்லோரும் நினைவில் வைத்திருப்பது முதல் ஆட்டத்தை.

அண்மையில் 2024 பிப்ரவரியில், சிங்கப்பூருக்காக ஆடும் 8 வயது அஸ்வத் கௌஷிக், சுவிட்சர்லாந்தில் போலந்து கிராண்ட்மாஸ்டர் யாசெக் ஸ்டோபாவை வென்றான். 2025 ஆகஸ்டில் லிவர்பூலில் நடந்த பிரிட்டிஷ் சாம்பியன்ஷிப்பில் 10 வயது போதனா சிவானந்தன், கிராண்ட்மாஸ்டர் பீட்டர் வெல்ஸை வென்று, கிராண்ட்மாஸ்டரை வீழ்த்திய மிகக் குறைந்த வயதுப் பெண் ஆனார். இவற்றையெல்லாம் தேடி எடுத்து, ஒவ்வொரு நகர்த்தலாகப் போர்டில் வைத்துப் பாருங்கள். பத்திரிகைத் தலைப்பைப் படிப்பதில் ஒன்றும் கிடைக்காது.

ரேட்டிங் எப்போதும் சரியாக இருக்குமா?

இல்லை, குறிப்பாகப் பிள்ளைகளுக்கு. ஃபிடே மாதம் ஒருமுறை பட்டியல் வெளியிடுகிறது. ஆறு மாதம் தினமும் இரண்டு மணி நேரம் பயிற்சி செய்துவிட்டு, அந்த ஆறு மாதமும் போட்டிக்கே போகாத பிள்ளையின் எண் அப்படியே இருக்கும். பலம் அப்படியே இருக்காது. கீழ்மட்ட எண்கள் மொத்தமாகவே தாழ்ந்துபோய்விட்டன என்று 2024 மார்ச்சில் ஃபிடே 2000க்குக் கீழே இருந்தவர்களின் ரேட்டிங்கை ஒரே தடவையாக உயர்த்தியது. 1000 இருந்தவர் 1400 ஆனார், 1500 இருந்தவர் 1700 ஆனார். குறைந்தபட்ச ரேட்டிங்கும் 1400 ஆனது.

அதனால் பலமான பக்கம் இருப்பவர்களுக்குச் சொல்கிறேன்: 1450 ரேட்டிங்கும் பத்து வயதும் இருந்தால் அந்த 1450ஐ நம்பாதீர்கள்.

ஆட்டத்துக்கு முந்தைய இரவு என்ன தயார் செய்வது?

எதிராளியின் ஆட்டங்களைப் பார்ப்பதில் தவறில்லை. அரை மணி நேரம் போதும். வழக்கமாக எந்த ஓப்பனிங் (ஆட்டத்தின் தொடக்க நகர்த்தல்கள்) ஆடுகிறார் என்று மட்டும் பாருங்கள். அதற்கு நீங்கள் ஏற்கெனவே ஆடும் பதில் எதுவோ, அதை இன்னொரு முறை புரட்டிவிட்டுத் தூங்குங்கள். பலர் அன்று இரவுதான் புதிதாக ஒரு ஓப்பனிங்கைப் படிக்க ஆரம்பிக்கிறார்கள். பத்து நகர்த்தல் மனப்பாடமாக வரும். பதினொன்றாவதில் எதிராளி மனப்பாடத்தில் இல்லாத ஒன்றை ஆடுவார், அப்போது உங்களுக்குப் பழக்கமே இல்லாத நிலையில் தனியாக மாட்டிக்கொள்வீர்கள்.

விசித்திரமான ஓப்பனிங் ஆடி அவரைக் குழப்பலாமா?

இதைக் கேட்பவர்கள் எல்லோரும் ஒரே உதாரணத்தைச் சொல்வார்கள். 1980இல் ஸ்வீடனின் ஸ்காரா நகரில் உலக சாம்பியன் கார்போவ், ராஜாவின் சிப்பாயை இரண்டு கட்டம் நகர்த்தினார். இங்கிலாந்தின் டோனி மைல்ஸ் பதிலுக்கு ஓரத்தில் இருக்கும் யானைச் சிப்பாயை ஒரே ஒரு கட்டம் நகர்த்தினார். யாரும் மதிக்காத ஓப்பனிங். மைல்ஸ் ஜெயித்தார்.

சரி, ஆனால் மைல்ஸ் அப்போதே கிராண்ட்மாஸ்டர். ஓப்பனிங் முடிந்த பிறகு வந்த முப்பது நகர்த்தலையும் கிராண்ட்மாஸ்டராகவே ஆடினார். விசித்திரமான ஓப்பனிங் எதிராளியைத் தெரிந்த பாதையிலிருந்து இறக்கிவிடும், உண்மை. பாதையில்லாத காட்டில் யாருக்கு வழி தெரியும் என்று யோசித்துப் பாருங்கள். நீங்கள் நூறு முறை ஆடிய ஓப்பனிங்கில் வரும் நடு ஆட்டம் உங்கள் வீடு மாதிரி. அவரை அங்கே வரவழைப்பதுதான் நல்லது.

எல்லாக் காய்களையும் வெட்டி மாற்றிவிட்டால் டிரா ஆகிவிடுமா?

மிக அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இதுதான், மிக அதிகமான ஆட்டங்கள் தோற்பதும் இந்த நினைப்பால்தான். என் சொந்த ஆட்டத்தையே சொல்கிறேன்.

எனக்கு அப்போது 1600 சொச்சம், எதிராளிக்கு 2250. பன்னிரண்டாவது நகர்த்தலில் ராணியை மாற்றினேன். நிம்மதியாக இருந்தது. யானைகள் இரண்டையும் மாற்றினேன், குதிரைகளை மாற்றினேன். இருபத்தைந்தாவது நகர்த்தலில் இருவரிடமும் ஒரே நிறத்தில் ஓடும் ஒரு மந்திரி, ஆறு ஆறு சிப்பாய். பலகை சமமாகத் தெரிந்தது. டிரா வந்துவிட்டது என்று உள்ளுக்குள் சந்தோஷம்.

பிறகு வீட்டில், நகர்த்தல்களை எழுதிவைத்த ஸ்கோர்ஷீட்டை வைத்துப் பார்த்தபோதுதான் நடந்தது புரிந்தது. ஒவ்வொரு முறை நான் மாற்றத்தைத் தேடிப் போனபோதும் ஒரு நகர்த்தல் செலவழித்திருந்தேன். அவர் அந்த மாற்றங்களை ஏற்றுக்கொண்டு, ஒவ்வொன்றிலும் தன் ராஜாவை ஒரு கட்டம் நடுவுக்கு நெருக்கமாகக் கொண்டுவந்திருந்தார். கடைசி மாற்றம் முடிந்தபோது அவர் ராஜா நடுப்பலகையில் நின்றது. என்னுடையது கேஸ்லிங் செய்து (ராஜாவைப் பாதுகாப்பாக ஒதுக்கும் நகர்த்தல்) ஒதுங்கிய மூலையிலேயே இருந்தது. என் சிப்பாய்களில் நான்கு, என் மந்திரி ஓடும் நிறத்திலேயே நின்று அதற்கு வழியை அடைத்துக்கொண்டிருந்தன. ஐம்பத்து நாலாவது நகர்த்தலில் தோல்வியை ஒப்புக்கொண்டு கை கொடுத்தேன். நான் பெரிய தவறு என்று எதையும் செய்யவில்லை. சின்னச் சின்ன விட்டுக்கொடுத்தல்கள், அவ்வளவுதான்.

பலமானவருக்கும் நமக்கும் உள்ள தூரம், சில காய்களே மிஞ்சும் கடைசிக் கட்டமான எண்ட்கேமில்தான் மிக அதிகம். நடு ஆட்டத்தில் நாம் ஒரு நல்ல தாக்குதலைக் கண்டுபிடித்துவிடலாம், அவரும் ஒன்றைப் பார்க்காமல் விடலாம். காய் குறையக் குறைய அப்படித் தப்ப இடமில்லை. எந்தச் சிப்பாய் எந்தக் கட்டத்தில் நிற்க வேண்டும் என்பதை அவர் வருடக்கணக்கில் படித்திருக்கிறார்.

அதற்காக மாற்றவே கூடாது என்று சொல்லவில்லை. மாற்றினால் உங்கள் நிலை முன்னேறுகிறதா என்று பாருங்கள். முன்னேறினால் மாற்றுங்கள். பயத்தைக் குறைக்க மட்டும் மாற்றாதீர்கள்.

அப்படியானால் எண்ட்கேம் படிக்காமல் உட்காரவே கூடாதா?

இரண்டு மூன்று நிலைகளாவது கண்ணை மூடிக்கொண்டு ஆடத் தெரிந்திருக்க வேண்டும். எனக்கு அரைப் புள்ளி வாங்கிக்கொடுத்த ஒன்றைச் சொல்கிறேன். பிரெஞ்சு ஆட்டக்காரர் பிலிடோர் 1777இல் எழுதிவைத்தது.

அவரிடம் ராஜா, யானை, ஒரு சிப்பாய். உங்களிடம் ராஜாவும் யானையும். உங்கள் ராஜா அந்தச் சிப்பாய் ராணியாக வேண்டிய கட்டத்தில், அதன் வழியை மறித்து நிற்கிறது. இப்போது உங்கள் யானையை, உங்கள் பக்கத்திலிருந்து எண்ணினால் மூன்றாவது வரிசையில் நிறுத்துங்கள். அந்த வரிசையைத் தாண்டி அவர் ராஜா உள்ளே வர முடியாது. யானையை அதே வரிசையில் இடமும் வலமுமாக நகர்த்திக்கொண்டே இருங்கள். வேறு எதுவும் செய்ய வேண்டாம். எப்போதாவது அவர் சிப்பாயை அந்த மூன்றாவது வரிசைக்குத் தள்ளுவார். தள்ளிய அடுத்த நகர்த்தலிலேயே யானையைப் பலகையின் மறுகோடிக்கு, அவருடைய முதல் வரிசைக்குக் கொண்டுபோய்ப் பின்னாலிருந்து செக் மேல் செக் கொடுங்கள். முன்பு அவர் ராஜா ஒளிந்துகொள்ள இருந்த கட்டத்தில் இப்போது அவருடைய சிப்பாயே நிற்கிறது. ஒளிய இடமில்லை. டிரா.

என் எதிராளி அந்த நிலையில் நாற்பது நிமிடம் முயன்றார். என் யானை ஓரத்துக்கு ஓரம் நடந்தது. கடைசியில் அவர் சிரித்துக்கொண்டே கையை நீட்டினார். இதைக் கற்றுக்கொள்ள ஒரு மாலை நேரம் போதும்.

பலமானவர் வேகமாக ஆடுகிறார். நானும் வேகமாக ஆட வேண்டுமா?

கூடாது. அவர் எட்டு நிமிடத்தில் பதினைந்து நகர்த்தல் ஆடிவிட்டார் என்றால், அந்தப் பதினைந்தையும் அவர் முன்பே பல நூறு முறை பார்த்திருக்கிறார். உங்களுக்குப் புதிது. 90 நிமிடமும் நகர்த்தலுக்கு 30 விநாடி கூடுதலும் உள்ள ஆட்டத்தில், நாற்பது நகர்த்தல் ஆடுவதாக வைத்துக்கொண்டால் ஒவ்வொன்றுக்கும் சராசரியாக 2 நிமிடம் 45 விநாடி இருக்கிறது. தோற்ற பிறகு ஒரு மணி நேரம் கடிகாரத்தில் மிச்சம் இருப்பதைப் பார்த்தால் எனக்கு நெஞ்சு பொறுக்காது. அந்த நேரம் முழுவதும் உங்களுக்குச் சொந்தமானது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஓப்பனிங்கிலேயே முக்கால் மணி நேரத்தைக் கரைத்துவிட்டு, முப்பதாவது நகர்த்தலில் 30 விநாடிக் கூடுதலை மட்டும் நம்பி ஓடினால், சமமான நிலையும் கையை விட்டுப் போகும்.

அவர் அடிக்கடி எழுந்து போய் மற்ற போர்டுகளைப் பார்க்கிறார். என்னை மதிக்கவில்லையா?

பெரும்பாலும் பழக்கம்தான். நாலு மணி நேரம் உட்கார்ந்தே இருந்தால் முதுகு வலிக்கும். சமமானவரோடு ஆடும்போதும் அவர் அப்படித்தான் நடப்பார். அவர் இல்லாத நேரத்தில் பலகையை அவர் பக்கத்திலிருந்து யோசித்துப் பாருங்கள், நல்ல வாய்ப்பு. மேஜையைத் தட்டுவது, முறைப்பது, வேண்டுமென்றே சத்தம் போடுவது போன்றவை வேறு. எதிராளியை எந்த வகையிலும் தொந்தரவு செய்யக்கூடாது என்று விதியே இருக்கிறது. கடிகாரத்தை நிறுத்தி நடுவரைக் கூப்பிடுங்கள். அவர் கிராண்ட்மாஸ்டராக இருந்தாலும் விதி ஒன்றுதான்.

டிரா கேட்கலாமா?

கேட்கலாம். முறை இது: உங்கள் நகர்த்தலை ஆடுங்கள், வாயால் கேளுங்கள், பிறகு கடிகாரத்தை அழுத்துங்கள். ஸ்கோர்ஷீட்டில் (=) என்று குறித்துக்கொள்ளுங்கள். அவர் வேண்டாம் என்று சொல்லலாம், அல்லது பேசாமல் ஒரு காயைத் தொட்டாலே மறுத்ததாக அர்த்தம். சில போட்டிகளில் 30 நகர்த்தலுக்கு முன் கேட்கக்கூடாது என்று தனி விதி வைத்திருப்பார்கள், முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒருமுறை மறுத்த பிறகு, நிலை மாறாமலே திரும்பத் திரும்பக் கேட்பது தொந்தரவுக் கணக்கில் வரும். அதைவிட, நீங்கள் கேட்டவுடன் அவருக்கு ஒன்று தெரிந்துவிடுகிறது: இவர் பயப்படுகிறார். என் அனுபவத்தில், பலமானவர் தானாக டிரா கேட்கும் நிலைதான் மிகவும் கவனமாகப் பார்க்க வேண்டியது. 2200 காரர் 1600 காரரிடம் டிரா கேட்கிறார் என்றால், அவருக்குப் பிடிக்காத ஏதோ ஒன்று பலகையில் இருக்கிறது. உடனே கையை நீட்டாமல், பத்து நிமிடம் எடுத்து அது என்னவென்று தேடுங்கள்.

எப்போது ரிசைன் செய்வது? ஆடிக்கொண்டே இருந்தால் அவமரியாதையா?

அவமரியாதை இல்லை. 1800க்குக் கீழே இருப்பவர்களிடம் நான் சொல்வது: எதிராளி எப்படி ஜெயிப்பார் என்று உங்களுக்கே தெளிவாகத் தெரியும் வரை ஆடுங்கள். தெரியவில்லை என்றால் அவர் காட்டட்டும், அதுவும் ஒரு பாடம்.

ஸ்டேல்மேட் என்ற கதவும் கடைசி வரை திறந்தே இருக்கிறது. உங்களிடம் ராஜா மட்டும், அதுவும் மூலைக் கட்டத்தில். நேரம் குறைந்த அவசரத்தில் எதிராளி தன் ராணியை உங்கள் ராஜாவிலிருந்து குதிரை தாவும் தூரத்தில் கொண்டுவந்து வைக்கிறார். செக் இல்லை. ஆனால் சுற்றியுள்ள மூன்று கட்டமும் அடைபட்டுவிட்டது. டிரா. 2000க்கு மேலே இருந்த ஒருவர் கையை ராணியிலிருந்து எடுத்த அந்த விநாடியில் முகம் வெளுத்துப்போனதைப் பக்கத்துப் போர்டிலிருந்து பார்த்தேன்.

நான் பலமான பக்கம் இருந்தால் எப்படி ஆடுவது?

இதைக் கேட்பவர்கள் குறைவு, ஆனால் கஷ்டம் இந்தப் பக்கம்தான் அதிகம். அதே கணக்கைத் திருப்பிப் போடுங்கள். கே 20 என்றால் ஜெயித்தால் 1.6 புள்ளி, டிரா ஆனால் 8.4 போகும், தோற்றால் 18.4 போகும். ஒரு டிராவில் போனதை மீட்க இதே மாதிரி ஆறு வெற்றி வேண்டும். ஒரு தோல்வியை மீட்கப் பன்னிரண்டு. அதனால் பலமானவர்களுக்கு 'சீக்கிரம் ஜெயித்தாக வேண்டும்' என்ற பதற்றம் வருகிறது. ஆதாரமில்லாமல் குதிரையைப் பலி கொடுப்பார்கள், சின்னப் பிள்ளைதானே, பதில் தெரியாது என்று. அந்தப் பிள்ளை நாள் முழுக்கப் புதிர் போட்டுப் பழகியிருக்கும். சின்னக் கணக்குகளில் அது பெரியவர்களைவிட வேகம்.

நிலையைச் சிக்கலாக்க வேண்டாம், ஆனால் உயிரோடு வைத்திருங்கள். பிரெஞ்சு டிஃபென்ஸ் என்ற ஓப்பனிங்கில் நடுச் சிப்பாய்களை மூன்றாவது நகர்த்தலிலேயே மாற்றிக்கொண்டு இரு பக்கமும் ஒரே மாதிரி ஆகிவிடும் ஆட்டம் இருக்கிறதே, அதுபோன்ற பாதைகளைத் தவிர்த்துவிடுங்கள். காய்களை வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நகர்த்தலிலும் எதிராளி ஒரு சின்ன முடிவு எடுக்க வேண்டியிருக்க வேண்டும். இருபது முடிவில் ஒன்று தவறும், அது போதும். மோசமான நகர்த்தல் என்று தெரிந்தே, 'இவர் விழுவார்' என்று பொறி வைத்து ஆடாதீர்கள். விழாவிட்டால் உங்கள் நிலைதான் கெடும்.

எதிராளி தன் ரேட்டிங்குக்குப் பொருந்தாத அளவு நன்றாக ஆடுகிறார். சந்தேகமாக இருக்கிறது, என்ன செய்வது?

முதலில், ஒரு நல்ல ஆட்டம் எதையும் நிரூபிக்காது. மேலே சொன்ன வெற்றிகள் எல்லாம் அந்தந்த ஆளின் ரேட்டிங்குக்கு மேலே ஆடியவைதான். நிஜமாகவே ஏதாவது கண்ணில் பட்டால், உதாரணமாக ஒவ்வொரு நகர்த்தலுக்கும் வெளியே போய் வருகிறார் என்றால், நடுவரிடம் தனியாகச் சொல்லுங்கள். ஆடும் அரங்கத்தில் ஒருவர் உடம்பில் போன் இருப்பது தெரிந்தால் ஆட்டத்தையே இழக்க நேரிடும் என்பது விதி. எதிராளியின் முகத்துக்கு நேரே குற்றம் சாட்டாதீர்கள். ஆதாரமில்லாத குற்றச்சாட்டுக்கும் தண்டனை உண்டு. தோற்ற கோபத்தில் ஒரு பிள்ளையின் மீது இப்படிப் பழி போடுவதைப்போலப் பெரிய கொடுமை இந்த விளையாட்டில் வேறில்லை என்று நினைக்கிறேன்.

பழைய காலத்தில் காய் விட்டுக்கொடுத்து ஆடுவார்களாமே?

ஆமாம், பத்தொன்பதாம் நூற்றாண்டில் அது சாதாரணம். பலமானவர் கறுப்பை எடுத்துக்கொண்டு, தன் ராஜாவின் மந்திரிக்கு முன்னால் இருக்கும் சிப்பாயையும் எடுத்து வைத்துவிடுவார். இன்னும் பெரிய வித்தியாசம் என்றால் ஒரு குதிரை, சில சமயம் யானை. இன்றைய ரேட்டிங் போட்டிகளில் அதற்கு இடமில்லை. பயிற்சியில் செய்து பார்க்கலாம், இருவருக்கும் நல்லது.

பிள்ளை தோற்றுவிட்டு அழுகிறது. பெற்றோர் என்ன கேட்க வேண்டும்?

'ஜெயித்தாயா?' என்ற கேள்வியை வாசலிலேயே கேட்காதீர்கள். முகத்தைப் பார்த்தாலே தெரியும். தண்ணீர் கொடுங்கள், கொஞ்சம் நடந்து வாருங்கள். அரை மணி கழித்து, 'எந்த இடத்தில் உனக்கு ஆட்டம் பிடித்திருந்தது?' என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலான பிள்ளைகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கையாலேயே காற்றில் காயை நகர்த்திக் காட்ட ஆரம்பித்துவிடும். 'அவர் பெரிய ஆள், தோற்றால் பரவாயில்லை' என்ற ஆறுதலும் எனக்கு உடன்பாடில்லை. அடுத்த முறை அந்த மாதிரி எண்ணைப் பார்த்ததும் பிள்ளை முன்கூட்டியே ஆட்டத்தை விட்டுவிடும்.

ஆட்டம் முடிந்ததும் பலமானவரிடம் பேசலாமா?

கட்டாயம் பேசுங்கள். கை கொடுத்து, ஸ்கோர்ஷீட்டில் கையெழுத்துப் போட்ட பிறகு, 'ஐந்து நிமிடம் ஆட்டத்தைப் பார்க்கலாமா?' என்று கேளுங்கள். நான் கேட்டவர்களில் மறுத்தவர்கள் மிகச் சிலர், அவர்களும் அடுத்த ரவுண்டுக்கு நேரமில்லாமல் மறுத்தவர்கள். அரங்கத்துக்குள் பேசக்கூடாது, வெளியே இதற்கென்று மேஜைகள் இருக்கும்.

'நான் எங்கே தவறு செய்தேன்?' என்று கேட்டால் ஒரு நகர்த்தலைக் காட்டிவிட்டுப் போய்விடுவார். 'இந்த இடத்தில் நீங்கள் என்ன யோசித்தீர்கள்?' என்று கேளுங்கள். நான் மந்திரியும் ஆறு சிப்பாயுமாகத் தோற்ற அந்த ஆட்டத்துக்குப் பிறகு அப்படித்தான் கேட்டேன். பதினான்காவது நகர்த்தலுக்குப் பலகையைத் திருப்பி வைத்து, என் மந்திரியைத் தொட்டு, 'இது ஓடும் கட்டங்களிலேயே நீங்கள் சிப்பாய்களை வைத்தபோதே நான் இந்த முடிவைப் பார்த்துவிட்டேன்' என்றார். நாங்கள் மாற்றிய யானைகளையும் குதிரைகளையும் திரும்பப் பலகையில் வைத்து, அந்தச் சிப்பாய்களை எதிர் நிறக் கட்டங்களுக்குத் தள்ளிக் காட்டினார். அடுத்த ரவுண்டுக்கு மணி அடிக்கும் வரை அந்த மேஜையிலேயே இருந்தோம்.